உப்புக்காற்றில் ஒரு எலெக்ட்ரிக் கிதார்: முதலில் எதை மாற்றுவது?

கேள்வி: தங்கச்சிமடத்தில் இருக்கிறேன். சர்ச் பாடகர் குழுவில் எலெக்ட்ரிக் கிதார் வாசிக்கிறேன். ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாடல், மூன்று சிங்கிள் காயில் பிக்கப், விலை குறைந்த ரகம். ஆம்ப்பில் செருகியதுமே ‘உம்ம்’ என்று இரைகிறது. வால்யூமைத் திருகினால் கரகரப்பு. புதுக் கம்பி போட்டால் இரண்டு வாரத்தில் துரு ஏறிவிடுகிறது. கையில் 10,000 ரூபாய் இருக்கிறது. நல்ல பிக்கப் செட் போட்டால் எல்லாம் சரியாகும் என்கிறார்கள். எதை வாங்கலாம்?

பதில்: இப்போதைக்கு பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் காந்தச் சுருள்) வாங்காதீர்கள். நீங்கள் சொல்லும் மூன்று குறைகளில் பிக்கப்புக்குச் சம்பந்தம் உள்ளது இரைச்சல் மட்டும்தான், அதிலும் பாதிதான். மற்றதெல்லாம் உப்பின் வேலை. உலோகம் எப்படி அரிக்கிறது என்று சோதித்துப் பார்க்க காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) ஆய்வகத்தார் உங்கள் பக்கத்து ஊரான மண்டபத்துக்கு வந்தது சும்மா இல்லை. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாம்பன் பாலத்துக்கே துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் தனி ரக பெயின்ட்டும் தேவைப்பட்டது. அந்தக் காற்றில்தான் உங்கள் கிதாரும் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் முன்னால் கரண்ட். ஆம்ப் பிளக்கின் மூன்றாவது பின்னை யாராவது உடைத்திருந்தால் பிளக்கை மாற்றுங்கள். சர்ச்சிலும் வீட்டிலும் எர்த் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கடலோரத்தில் எர்த் பைப்பில் ஒயர் சேரும் கிளாம்ப் துருவேறி அற்றுக் கிடப்பது உண்டு. பாயின்ட்டைப் பார்த்தால் தெரியாது. கிதார் கம்பிகள் ஆம்ப்பின் எர்த்தோடு சேர்ந்தவை. மைக் வேறு லைனிலோ ஜெனரேட்டரிலோ ஓடி, ஒரு பக்கம் எர்த் இல்லாமல் போனால், கை கம்பியிலும் உதடு மைக்கிலும் இருக்கும்போது கரண்ட் உங்கள் உடம்பு வழியாகப் போகும். 1972 மே மாதம் பிரிட்டனில் ஸ்வான்ஸீ மேடையில் லெஸ்லி ஹார்வி என்ற கிதார் கலைஞர், எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு இறந்துபோனார். திருவிழா மேடை ஏறுகிறவர்கள் இதை அலட்சியமாக எடுத்துக்கொள்ளவே கூடாது.

எர்த் சரி என்றால் இரைச்சலுக்கு வருவோம். வால்யூமை முழுக்க வைத்துவிட்டு கம்பியைத் தொடுங்கள். தொட்டதும் இரைச்சல் குறைந்தால் ஷீல்டிங் (வெளி இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) போதவில்லை. தொட்டதும் கூடினால், கேபிள் செருகும் ஜாக்கில் இரண்டு ஒயரும் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். நின்ற இடத்திலேயே மெல்லச் சுற்றித் திரும்பும்போது ஒரு திசையில் கூடி இன்னொரு திசையில் குறைந்தால், அது டிரான்ஸ்ஃபார்மரிலிருந்தும் பழைய டியூப்லைட் சோக்கிலிருந்தும் வரும் காந்தப்புலம். ஒற்றைச் சுருள் மட்டும் உள்ள சிங்கிள் காயில் பிக்கப்பின் பிறவிக் குணம் அது. எத்தனை ஷீல்டிங் செய்தாலும் போகாது. பிக்கப் மாற்றுவது இந்தக் கடைசி வகைக்கு மட்டும்தான் மருந்து.

ஷீல்டிங்கை நீங்களே செய்யலாம். பிக்கார்டை (முன்பக்கப் பிளாஸ்டிக் தகடு) கழற்றி, உள்ளே குடைந்த பள்ளம் முழுக்கவும் பிக்கார்டின் அடியிலும் செப்பு டேப் ஒட்டுங்கள். பசையும் மின்சாரம் கடத்தும் ரகமாக இருக்க வேண்டும். மல்டிமீட்டரை ‘பீப்’ நிலையில் வைத்து ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குத் தொடுத்துப் பாருங்கள். சமையலறை அலுமினியத் தாள் வேண்டாம். அதில் சாலிடர் பிடிக்காது. செம்போ இரும்போ பக்கத்தில் இருந்தால் ஈர உப்புக்காற்றில் வெகு சீக்கிரம் பொடிந்துபோகும். ஒட்டிய டேப்பிலிருந்து ஓர் ஒயர் வால்யூம் பாட்டின் (குமிழுக்கு அடியில் சுழலும் மின்பாகம்) முதுகுக்குப் போக வேண்டும். ஜாக்கின் சிக்னல் முனை டேப்பில் உரசினால் சத்தமே வராது, அங்கே இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுங்கள்.

சாலிடர் 60/40, நடுவில் ரெசின் உள்ள ரகம். ஆசிட் கலந்த பேஸ்ட்டைத் தொடவே தொடாதீர்கள். மிச்சம் இருக்கும் ஆசிட்டும் உப்பும் சேர்ந்து இணைப்பையே அரித்துவிடும். பாட்டின் முதுகில் சூடு ஏற 25 வாட் அயர்ன் திணறும், 40 முதல் 60 வாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

கரகரப்புக்கு முதலில் கான்டாக்ட் கிளீனர். பாட்டின் பக்கவாட்டுச் சந்தில் ஒரு பீய்ச்சு, பிறகு கைப்பிடியை முழுக்க முன்னும் பின்னும் திருகுங்கள். எல்லாரிடமும் இருக்கிற சாதாரண டபிள்யூடி-40 அதற்கல்ல. இரண்டு முறை செய்தும் கரகரத்தால் பாட்டை மாற்றிவிடலாம். சிங்கிள் காயிலுக்கு 250கே (கிலோஓம்), ‘ஏ’ என்று போட்டிருக்கும் ஆடியோ ரகம். ஆசைப்பட்டு சிடிஎஸ் கம்பெனி பாட் வாங்கினால் அதன் கழுத்து சுமார் 9.5 மி.மீ.; விலை குறைந்த கிதார்களின் துளை அதைவிடச் சின்னது, குடைய வேண்டியிருக்கும். பழைய குமிழும் பொருந்தாது. அதே சின்ன அளவில் ஆல்ஃபா பாட் போதும். ஜாக்கை மட்டும் நல்லதாக, ஸ்விட்ச்கிராஃப்ட் போடுங்கள். கேபிள் ஆடும்போது சத்தம் அறுந்து வருவது அநேகமாக அங்கேதான்.

கம்பி. உப்பும் கைவியர்வையும் சேர்ந்தால் சாதாரண நிக்கல் கம்பி தாங்காது. மேலே பூச்சு உள்ள எலிக்ஸிர் போன்றவை விலை கூடுதல், ஆனால் உங்கள் ஊரில் கட்டுப்படியாகும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியைக் கம்பிக்கு அடியிலும் விட்டுத் துடையுங்கள். கிதாரை ஜன்னல் பக்கச் சுவரில் மாட்டாதீர்கள்; உறையில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) பச்சை படிந்தால் ஸ்டீல் வுல் வேண்டாம். அதன் தூள் பிக்கப் காந்தத்தில் ஒட்டி அங்கேயே துருப்பிடிக்கும்.

பலரும் பார்க்காத இடம் ஒன்று உண்டு: பிரிட்ஜில் கம்பி உட்காரும் சாடிலின் உயரத்தைச் சரிசெய்யும் குட்டி ஸ்க்ரூக்கள். தலைப் பள்ளம் 1.5 மி.மீ.தான். அதில் துரு நிறைந்தபின் ஆலன் கீயைத் திருகினால் விளிம்பு மழுங்கி, ஸ்க்ரூ நிரந்தரமாகச் சிக்கிக்கொள்ளும். கம்பி மாற்றும்போதெல்லாம் பல்குத்தும் குச்சி முனையில் தையல் மிஷின் எண்ணெய் தொட்டு ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு. அல்லது ஸ்டெயின்லெஸ் செட் வாங்கி ஒரேயடியாக மாற்றுங்கள். இருக்கிற மாற்றங்களில் மலிவானது இதுதான்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கழுத்து மரம் ஈரம் குடித்து வளையும். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடித்து ஏழாவதன் மேல் இடைவெளியைப் பாருங்கள். 0.25 மி.மீ., அதாவது விசிட்டிங் கார்டு ஒன்று சிரமமில்லாமல் நுழையும் அளவு இருந்தால் போதும். கழுத்தின் வளைவைச் சரிசெய்ய உள்ளே இருக்கும் டிரஸ் ராடை ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள்.

இவ்வளவும் செய்தபின் பணம் மிஞ்சினால், என் ஓட்டு பிக்கப்புக்குக்கூட இல்லை, கிதார் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிஐ பாக்ஸுக்கு. கிதாரை நேரே சர்ச் மிக்ஸரில் செருகினால் சத்தம் மந்தமாகத்தான் வரும். ஒரு மெகாஓம் அளவு இன்புட் அதற்கு வேண்டும். ஆக்டிவ் டிஐ பாக்ஸில் அது கிடைக்கும், இரைச்சலை அறுக்க, சிக்னல் கேபிளின் எர்த்தை மட்டும் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்சும் இருக்கும். ஆம்ப்பின் எர்த் பின்னை உடைத்துத் தேடும் நிம்மதியை அந்த ஸ்விட்ச் ஆபத்தில்லாமல் தரும்.

அதற்குப் பிறகும் சீரியல் செட்டுக்கும் டியூப்லைட்டுக்கும் நடுவில் இரைச்சல் தொந்தரவாக இருந்தால், சிங்கிள் காயில் அளவிலேயே வரும் ஹம்பக்கர் (இரண்டு சுருளால் இரைச்சலைக் குறைக்கும் பிக்கப்) ஒன்றை பிரிட்ஜ் பக்கம் மட்டும் போடுங்கள். வாங்குமுன் இப்போதுள்ள பிக்கப்பின் உயரத்தைத் திருத்திப் பாருங்கள்: கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திக்கொண்டு, தடித்த கம்பிப் பக்கம் 2 மி.மீ., மெல்லிய பக்கம் 1.6 மி.மீ. இடைவெளி. சத்தம் ஒல்லியாக இருக்கிறது என்று பிக்கப் மாற்றக் கிளம்புகிறவர்களில் பலருக்கு அந்த இரண்டு ஸ்க்ரூவிலேயே வேலை முடிந்துவிடுகிறது.