சுண்டை வற்றலில் பூஞ்சணம் ஏன்?

கேள்வி: பணி ஓய்வுக்குப் பிறகு கொல்லையில் வைத்த சுண்டைச் செடிகள் கொத்துக் கொத்தாகக் காய்க்கின்றன. காயை முழுதாகவே உப்பு மோரில் ஊறவைத்து, மூன்று நாள் உலர்த்தி, வெயிலிலிருந்து எடுத்தவுடன் டப்பாவில் அடைக்கிறேன். இரண்டே மாதத்தில் பூஞ்சணம் பூத்துவிடுகிறது. என்ன செய்வது?
– வாசகர், கும்பகோணம்

பதில்: பார்த்துப் பார்த்து வளர்த்த காயைக் குப்பையில் கொட்டுவது பெரிய வேதனைதான். சுண்டைக்காயின் தோல் கெட்டியானது. அம்மியில் வைத்து, விதை சிதறாமல் வாய் பிளக்கும் அளவுக்கு மட்டும் தட்டினால்தான் உப்பும் புளித்த மோரும் உள்ளே இறங்கும், உள்ளிருக்கும் ஈரமும் வெளியேறும். பகலில் வெயிலிலும் இரவில் அதே மோரிலுமாக, மோர் முழுவதும் வற்றும்வரை மாற்றி மாற்றிப் போட்டு, அதன் பிறகும் நான்கைந்து நாள் நல்ல வெயிலில் காயவிடுங்கள். கையில் அள்ளிக் குலுக்கினால் கூழாங்கல்போலக் கலகலக்க வேண்டும். சூட்டோடு அடைத்தால் டப்பாவுக்குள் வியர்த்துவிடும் என்பதால், நிழலில் நன்றாக ஆறவைத்து, ஈரமில்லாத பீங்கான் ஜாடியில் போடுங்கள். பங்குனி, சித்திரை வெயில் இதற்கு மிகவும் உகந்தது. பூஞ்சணம் பிடித்த வற்றலைக் கழுவிக் காயவைத்துப் பயன்படுத்த வேண்டாம்.