ஏரியோரம் செத்துக் கிடக்கும் தவளைகள்: நோயா, பூச்சிமருந்தா?

கேள்வி: வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கம் எங்கள் ஊர். மழை விட்ட பிறகு ஏரிக்கரையில் தினமும் நாலைந்து தவளைகள் செத்துக் கிடக்கின்றன. தொற்றுநோயா? மாடுகள் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கின்றன. யாரிடம் சொல்வது?

பதில்: எத்தனை செத்தன என்பதைவிட எவை செத்தன என்று பாருங்கள். மீனும் சேர்ந்து மிதந்தால் முதலில் நோயைத் தேட வேண்டாம். அக்கம்பக்கத்து வயலில் யார் மருந்து அடித்தார்கள் என்று விசாரியுங்கள். விவரம் தெரியும்வரை மாட்டை அங்கே இறக்காதீர்கள். மீன் துள்ளிக்கொண்டிருக்க, தவளை மட்டும் சாகிறதென்றால் நோய்ச் சந்தேகம் வலுக்கும்.

அப்போது வயதைக் கவனியுங்கள். உலகெங்கும் தவளைகளைச் சூறையாடிய கைட்ரிட் பூஞ்சை, நம் நகத்தில் உள்ள கெரட்டின் என்ற புரதம் இருக்கும் தோலில்தான் குடியேறும். தலைப்பிரட்டைக்குக் கெரட்டின் வாயோரத்தில் மட்டுமே. அதனால் அது தாக்குப்பிடித்துவிடும். வால் சுருங்கி, கால் முளைத்து, உடம்பெல்லாம் தோல் மாறும்போது பூஞ்சையும் உடம்பெல்லாம் பரவும். தவளை தண்ணீரையும் உப்பையும் தோல் வழியாக எடுப்பது. தோல் கெட்டால் உப்புக் குறைந்து இதயமே நின்றுவிடும். ஆகவே கரையேறிய குட்டித்தவளைகளே அதிகம் செத்திருந்தால் பூஞ்சையைச் சந்தேகிக்கலாம். தலைப்பிரட்டைகளே கொத்தாகச் செத்து, வயிற்றில் ரத்தத் திட்டு தெரிந்தால் ரானா வைரஸாக இருக்கலாம். கண்ணால் பார்த்து எதையும் உறுதி சொல்ல முடியாது. கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனைதான் சொல்லும். இவ்விரண்டும் மாட்டுக்கோ மனிதருக்கோ தொற்றாது.

கைட்ரிட்டுக்கு 17 முதல் 25 டிகிரி வரை சொர்க்கம். 30ஐத் தாண்டினால் வாடும். வேலூர் வெயிலைத் திட்டாதவர் இல்லை, தவளைக்கு இந்த விஷயத்தில் அதுவே காவல்! ஆனால் மார்கழி, தை மாதங்களிலும், ஜவ்வாது மலை ஓடைகளிலும் அந்தக் காவலை நம்பக்கூடாது.

விடிந்ததும் போங்கள், உச்சிவெயிலுக்குள் சடலம் அழுகிவிடும். முதுகு, வயிறு இரண்டையும் படமெடுங்கள். பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிச் சடலத்தை எடுத்து, அதே பையைத் திருப்பிப் போட்டுக் கட்டுங்கள். ஐஸ் பெட்டியில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். உறைந்தால் திசு சிதைந்து, அதை நுண்ணோக்கியில் பார்க்கும் பரிசோதனை கெடும். அன்றே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய், வனச்சரக அலுவலகத்திலும் தகவல் சொல்லுங்கள். உயிருள்ள தவளையை நீங்களாகப் பிடிக்காதீர்கள். அதற்கு வனத்துறை அனுமதி வேண்டியிருக்கலாம்.

மலை ஓடையில் நனைந்த செருப்போடு நேரே ஏரியில் இறங்க வேண்டாம். சேற்றைக் கழுவி, நன்றாகக் காயும்வரை வெயிலில் போடுங்கள். ஈரம் போனால் பூஞ்சை சாகும்.