சிக்கவில்லை என்றால் சுத்தமா?

கேள்வி: சைக்கிள் பந்தய வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கை எத்தனையோ முறை சோதித்தும் பிடிக்க முடியவில்லை. அப்படியானால் ஊக்கமருந்துச் சோதனை வீண் வேலைதானே?

பதில்: வீண் இல்லை. ஆனால் அது ஊக்கமருந்தை ஒழித்துவிடும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். எதை, எவ்வளவு, எந்த நேரத்தில் போட்டுக்கொள்வது என்பதை மட்டுமே அது மாற்றி வந்திருக்கிறது.

1990களில் சைக்கிள் பந்தயத்தை ஆட்டிப்படைத்தது ஈபிஓ. ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் சிவப்பணுக்களைப் பெருக்கும் ஹார்மோன். அதைக் கண்டுபிடிக்க அப்போது சோதனை கிடையாது. அதனால் 1997-ல் சர்வதேச சைக்கிள் சங்கம் ஒரு வரம்பு வைத்தது: ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 50 சதவீதத்தைத் தாண்டினால் பந்தயத்தில் ஓட்ட முடியாது. நடந்தது என்ன? 49 வரை ஏற்றிக்கொள்ள அனுமதி கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. கூடிப்போனால் சலைன் ஏற்றி நீர்க்க வைத்தார்கள். இயல்பாகவே 48 உள்ளவருக்கு இதில் லாபம் குறைவு, 42 உள்ளவருக்குக் கொள்ளை லாபம். இதுதான் சமநீதி!

2001-ல் ஈபிஓவுக்குச் சிறுநீர்ச் சோதனை வந்தது. உடனே தோலுக்கடியில் போட்டு வந்த ஊசி ரத்தக்குழாய்க்கு மாறியது. சின்ன அளவு, அதுவும் ராத்திரியில். காலையில் சோதனைக்காரர் கதவைத் தட்டும்போது பெரும்பாலும் தடயம் இருக்காது. சொந்த ரத்தத்தை முன்கூட்டியே எடுத்து வைத்து, பந்தயத்தின் நடுவே ஏற்றிக்கொள்ளும் பழைய வித்தையும் திரும்பி வந்தது. அடுத்தவர் ரத்தம் என்றால் மாட்டிக்கொள்ளலாம். 2004-ல் அமெரிக்க சைக்கிள் வீரர் டைலர் ஹாமில்டன் அப்படித்தான் மாட்டினார்.

அப்புறம் 2008-ல் பயலாஜிக்கல் பாஸ்போர்ட். மருந்தைத் தேடாமல், ஒரே ஆளின் ரத்த அளவுகளைப் பல மாதங்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாடு. வெளியிலிருந்து ரத்தம் ஏறினால் உடல் புதிய அணுக்களை உண்டாக்குவதைக் குறைத்துக்கொள்ளும். இளம் சிவப்பணுக்கள் குறைவதே காட்டிக்கொடுத்துவிடும். அதற்கும் ஒரு வழி இருந்தது. துளி ஈபிஓ போட்டால் அந்த எண்ணிக்கை மறுபடி ஏறும். ஒரு திருட்டை இன்னொரு திருட்டால் மூடினார்கள். ஆனாலும் பழையபடி தாராளமாக ஏற்ற முடியவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். பாஸ்போர்ட்டின் உண்மையான பலன் அதுதான்.

இனி உங்கள் ஆம்ஸ்ட்ராங். 2012-ல் அவரைச் சாய்த்தது கூடவே ஓட்டிய அணித் தோழர்களின் சாட்சியம். 2019-ல் ஆஸ்திரியாவின் ஸீஃபெல்டில் ரத்த மாற்றுக் கும்பலைப் பிடித்ததும் ஆய்வகம் இல்லை, போலீஸ். அங்கே ஒரு பனிச்சறுக்கு வீரர் கையில் ஊசியோடேயே அகப்பட்டார். அந்த வழக்கின் நூலைப் பிடித்துப் போனபோதுதான் சைக்கிள் வீரர்களின் பெயர்களும் வெளியே வந்தன.