வேலிக்குள் ‘டக்… டக்’ என்னும் பழுப்புக் குருவி எது?

கேள்வி: மதுரைக்கு அருகே எங்கள் வீட்டு வேலிப் புதரில், மார்கழி பிறந்ததிலிருந்து விடியற்காலையில் ஒரு சிறு பழுப்புக் குருவி ‘டக்… டக்’ என்று கத்துகிறது. ஓரிரு நொடிக்கு மேல் கண்ணில் படுவதில்லை. தையல்சிட்டா, கதிர்க்குருவியா என்று எப்படி உறுதி செய்வது?

பதில்: குரலையும் பருவத்தையும் சேர்த்துப் பார்த்தால், அது பெரும்பாலும் வலசை வந்த பிளித் நாணல் கதிர்க்குருவியாக இருக்கும். பின்லாந்து தொடங்கி ரஷ்யா, மத்திய ஆசியா வரை இனப்பெருக்கம் செய்யும் இப்பறவை, குளிர்காலத்தை இந்தியாவிலும் இலங்கையிலும் கழிக்கிறது. அப்போது நீர்நிலை அருகில் இல்லாத புதர்களிலும் தோட்டங்களிலும் தாராளமாகத் திரியும்.

விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் நிறத்தை நம்பாதீர்கள். அந்நேரத்தில் பச்சை முதுகும் பழுப்பாகவே தெரியும். குரல் வரும் புதரில் ஓர் இடைவெளியைத் தேர்ந்து, அதன்மீது இருநோக்கியை முன்கூட்டியே குவியப்படுத்திக்கொண்டு, வெயில் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும்படி அசையாமல் நில்லுங்கள். பறவை வெளிப்படும் நொடியில் முகத்தை மட்டும் பாருங்கள். அலகு சற்று நீண்டும் நெற்றி சரிந்தும் இருக்க, வெளிர்ப் புருவக்கோடு கண்ணைத் தாண்டியதும் மங்கிவிட்டால் உங்கள் குருவி இதுதான். அந்தக் கோடு பிடரியை நோக்கி நீண்டு, இறக்கையில் மெல்லிய வெண்பட்டையும் தெரிந்தால் அது பச்சை இலைக்கதிர்க்குருவி. அது பெரும்பாலும் மரக்கிளைகளின் உயரத்தில் உலவும், குரலும் இரண்டு அசையாக ஒலிக்கும்.

தையல்சிட்டைப் பற்றி அதிகம் குழம்ப வேண்டாம்: வாலைத் தூக்கிக்கொண்டு, உருவத்துக்குப் பொருந்தாத உரத்த குரலில் ஒரே ஒலியை விடாமல் கத்தும்.

உண்மையான சிக்கல், முள்காடுகளுக்கு வலசை வரும் பூட்டட் கதிர்க்குருவியிடம்தான் இருக்கிறது, ஏனெனில் அதன் குரலும் இதைப் போன்ற சொடுக்கொலியே. ஆகவே குரலைக் கேட்டுப் பறவையை அடையாளம் காட்டும் மெர்லின் செயலி சொல்லும் பெயரை அப்படியே ஏற்காமல் வாலையும் பாருங்கள்: பூட்டட் கதிர்க்குருவிக்கு வால்நுனி ஏறக்குறைய சதுரமாகவும் ஓரம் வெண்மையாகவும் இருக்கும், பிளித் நாணல் கதிர்க்குருவிக்கு வால் வட்டமாக முடியும், வெண்மை இராது. முகமும் வாலும் தெரியாத நாளில் ‘கதிர்க்குருவி வகை’ என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பறவைப் பதிவுகளுக்கான இபேர்ட் (eBird) இணையதளத்திலும் அவ்வாறு பதிய இடமுண்டு.