10 மடங்கு எடையுள்ள தவளை 10 மடங்கு ஒட்சிசன் எடுக்குமா?

கேள்வி: உயர்தர உயிரியல் செயற்றிட்டத்துக்காகத் திருகோணமலையில் ஒரே இனத் தவளைகள் இரண்டை அளந்தேன். காலையில் 27 பாகை செல்சியசில் 10 கிராம் தவளை, மதியம் 32 பாகையில் 100 கிராம் தவளை. பெரியது ஏறக்குறைய 9 மடங்கு ஒட்சிசன் எடுத்தது. அனுசேப வீதம், அதாவது உடல் சக்தியைச் செலவிடும் வேகம், எடைக்கு நேர்விகிதசமம் என்று எழுதலாமா?

பதில்: எழுத வேண்டாம். ஓய்விலிருக்கும் தவளையின் அனுசேப வீதம் எடையின் ஏறத்தாழ 0.8 ஆம் அடுக்கோடு உயர்கிறது. எடை 10 மடங்கானால் ஒட்சிசன் 6.3 மடங்குதான், கிராமுக்குக் கணக்கிட்டால் பெரியது சிறியதைவிடக் குறைவாகவே எடுக்கிறது. மிச்சம் மதிய வெயிலின் வேலை. வெப்பநிலை 10 பாகை ஏறினால் தவளையின் வீதம் இரண்டு மடங்கோ சற்றுக் கூடவோ ஆகும். 5 பாகைக்குச் சுமார் 1.4 மடங்கு. 6.3 ஐ 1.4 ஆல் பெருக்கிப் பாருங்கள், உங்கள் 9 வந்துவிடும்.

காரணம் எழுதும்போதும் கவனம். சிறிய உடலுக்கு மேற்பரப்பு அதிகம், வெப்பத்தை விரைவாக இழக்கும் என்ற விளக்கம் இங்கே பொருந்தாது. தவளை உடல்வெப்பத்தைக் காத்துவைக்கும் விலங்கல்ல. இருந்தும் இந்தத் தொடர்பு அதனிடம் இருக்கிறது.

மறுபடி அளக்கும்போது, இரண்டு போத்தல்களையும் தவளையில்லாத ஒரு வெற்றுப் போத்தலையும் ஒரே நீர்த்தொட்டியில் அமிழ்த்துங்கள். எடுத்த ஒட்சிசனைப் போத்தல் காற்றின் கனவளவு குறைவதை வைத்தே அளக்கிறோம், அதனால் வெற்றுப் போத்தல் கட்டாயம் வேண்டும்: 250 மில்லிலீற்றர் காற்று 1 பாகை சூடானாலே 0.8 மில்லிலீற்றர் விரியும். 10 கிராம் தவளை ஒரு மணித்தியாலத்தில் எடுக்கும் ஒட்சிசனும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். தவளை வெளிவிடும் காபனீரொட்சைட்டை உறிஞ்சும் சோடாச் சுண்ணாம்பைத் துணியில் முடிந்து மேலே தொங்கவிடுங்கள். ஈரத்தோலில் பட்டால் புண்ணாகும். அடியில் நனைத்த தாள் போடுங்கள். இரண்டு நாள் உணவு கொடுக்காதீர்கள், சமிபாடே வீதத்தை ஏற்றிவிடும். போத்தலை இருட்டாக்கி ஒரு மணித்தியாலம் விட்டபின் அளவிடத் தொடங்குங்கள். தவளை துள்ளிய நேரத்து அளவீடுகளை நீக்கிவிடுங்கள்.

எடையிலும் பிழை ஒளிந்திருக்கும். தவளை சிறுநீர்ப்பையில் நிறைய நீரைச் சேமிக்கும், பிடித்ததும் பீய்ச்சிவிடும். அது வெளியேறிய பிறகே தராசில் வையுங்கள்.

இரண்டு தவளைகளால் அடுக்கைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரே இனத்தில் சின்னஞ்சிறியது முதல் முழு வளர்ச்சியடைந்தது வரை பத்துப் பன்னிரண்டாவது வேண்டும். பிடிப்பதற்கு முன் ஆசிரியர் மூலம் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியைப் பெறுங்கள். பிறகு எடையின் மடக்கைக்கு எதிரே ஒட்சிசன் நுகர்ச்சியின் மடக்கையைக் குறித்துக் கோடு வரையுங்கள். அதன் படித்திறனே அடுக்கு. அது 1 ஐ நெருங்கினால் முதலில் நீர்த்தொட்டியின் வெப்பநிலைப் பதிவுகளைச் சரிபாருங்கள்.