ஏழா, பன்னெண்டா?

அண்ணா, வணக்கம். பையன் பதினொண்ணாவது படிக்கிறான். 'நாலு சட்டை, மூணு பேன்ட் இருக்கு, எத்தனை விதமா உடுத்தலாம்'னு கிளாஸ் டெஸ்ட்ல கேட்டிருக்காங்க, இவன் 7னு எழுதி முட்டை வாங்கிட்டு வந்துட்டான். பெருக்கணும், 12னு எனக்குத் தெரியும். ஆனா 'ஏன் பெருக்கணும், கூட்டினா என்ன?'ன்னு அவன் கேட்டதும் எனக்கு வாயே வரல. பார்முலா அப்படித்தான், மனப்பாடம் பண்ணுன்னு சொல்லிட்டேன். தமிழ் மீடியம்ங்கிறதால புரியலையோ? இதெல்லாம் தமிழ்ல யோசிக்கவே முடியாதோ? நம்ம முன்னோருக்கு இது எப்பவோ தெரியும்னு வாட்ஸப்ல வருதே, நெசமா? பேசாம காமர்ஸுக்கு மாத்திடலாமா?
க., தாராபுரம்

அன்புள்ள க.,

காமர்ஸ் விஷயம் எனக்குத் தெரியாது, பையன்கிட்ட கேளுங்க. முன்னோர் விஷயம்: தெரியும்தான். 1150ல பாஸ்கரர் லீலாவதிங்கிற கணக்கு நூல்ல ஒரு கணக்கு வச்சிருக்கார், விஷ்ணுவோட நாலு கையில சங்கு சக்கரம் கதாயுதம் தாமரை நாலையும் எத்தனை விதமா மாத்தி வைக்கலாம்னு. முதல் கைக்கு 4, அடுத்ததுக்கு மிச்சம் 3, அப்புறம் 2, 1, ஆக 24. கேசவன், நாராயணன்னு ஆரம்பிக்கிற விஷ்ணுவோட 24 பெயர்களும் அந்த 24 விதத்துக்குத்தான். போதுமா? இதுக்கு மேல பெருமை பேச ஆரம்பிச்சா பையன் கணக்கு போடமாட்டான், ஃபார்வர்டுதான் பண்ணுவான்.

கோவம் வந்தது ரெண்டு இடத்துல. ஒண்ணு அந்த மனப்பாடம். ஏன்னு கேக்குற பிள்ளை கிடைக்கிறதே அபூர்வம், அதோட வாயையும் அடைச்சிட்டீங்களேம்மா. அவன் 7னு சொன்னதுல முட்டாள்தனம் ஒண்ணும் இல்ல, வேற கேள்விக்குச் சரியான பதில் சொல்லியிருக்கான். அயர்ன் பண்ண ஒரே ஒரு துணியை எடுன்னா சட்டையோ பேன்ட்டோ, 7 விதமா எடுக்கலாம். உடுத்தணும்னா சட்டை'யும்' பேன்ட்டு'ம்' வேணும். நீலச் சட்டையப் போட்டா மூணு பேன்ட்டும் பாக்கி நிக்குது, வெள்ளைக்கு மாறினா அதே மூணும் மறுபடி பாக்கி. நாலு தடவை மூணு. அவ்வளவுதான், பார்முலா எங்க இருக்கு இதுல?

ரெண்டாவது, தமிழ்ல யோசிக்க முடியாதாங்கிறது. என்ன பேச்சு இது! ஒண்ணாங்கிளாஸ்ல செவுத்துல தொங்கின அட்டைய மறந்துட்டீங்களா? மேல உயிர் 12, பக்கத்துல மெய் 18, நடுவுல கட்டம் கட்டமா 216. பெருக்கல் விதிய அஞ்சு வயசுலயே கண்ணால பார்த்த பய உங்க பையன். 247ங்கிறதுல கூட்டலும் சேர்ந்தே இருக்கு, 12, 18, 216, ஆய்தம் 1. நன்னூல் இன்னும் ஒரு படி மேல போய் எந்த எழுத்தெல்லாம் சொல்லுக்கு முதல்ல வரும்னு சொல்லுது. உயிர் 12, க ச த ந ப ம ஆறும் எல்லா உயிரோடயும் வரும், அது 72, வகரத்துக்கு 8, யகரத்துக்கு 6, ஞகரத்துக்கு 4, ஙகரத்துக்கு 1, ஆக 103. முழுசா பெருக்க முடியற இடத்துல பெருக்கி, தடை இருக்கிற இடத்துல தனியா எண்ணிக் கூட்டணும். பரீட்சைல வர்ற கஷ்டமான கணக்கெல்லாம் இதே ஜாதிதான். (தொல்காப்பியப்படி சகரம் அ, ஐ, ஔ மூணோட சேர்ந்து சொல்லுக்கு முதல்ல வராது. அந்தக் கணக்குல 'சட்டை'யே செல்லாது!)

சரி, எப்ப பெருக்கணும் எப்ப கூட்டணும்னு எனக்கு உறைச்சது புத்தகத்துல இல்ல, அப்பாவோட பெட்டியில.

ரிடையர் ஆனப்ப ஆபீஸ்ல சேர்ந்து வாங்கிக் குடுத்த சூட்கேஸ், ரெண்டு பக்கமும் நம்பர் லாக், ஒவ்வொண்ணுலயும் மூணு சக்கரம். அப்பா போய் பதினாறு முடிஞ்சதும் அம்மா சொன்னாங்க, வீட்டுப் பத்திரம் அதுலதான் இருக்கு, திற. நம்பர் யாருக்கும் தெரியாது. அப்பா பிறந்த தேதி, என் பிறந்த தேதி, பழைய வண்டி நம்பரோட கடைசி மூணு இலக்கம், ஒண்ணும் ஆகல. அம்மா சுத்தியல எடுத்துட்டு வந்து பக்கத்துல வச்சாங்க. நான் தரையில உக்காந்து இடது பக்கத்துல 000லேருந்து ஆரம்பிச்சேன். வலது கட்டை விரலால பித்தானைத் தள்ளிப் பிடிச்சுக்கிட்டே கடைசிச் சக்கரத்தை ஒரு சுத்து, நடுச் சக்கரம் ஒரு பல்லு, மறுபடி கடைசி ஒரு சுத்து. ஒரு நம்பருக்கு மூணு செகண்ட், ஆயிரம் நம்பருக்கு அம்பது நிமிஷம்.

582ல டக்குனு சத்தம்.

அந்த டக்கைத்தான் உங்க பையன் கேக்கணும். இடது பக்கம் தனியா 'நான் சரி'ன்னு சொல்லிடுச்சு, இனி அது பக்கம் போக வேண்டாம். அதனால மோசமா போனாலும் 1000ம் 1000மும் கூட்டி 2000 முயற்சி. இதே பெட்டி ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல சரியா இருந்தாத்தான் வாய திறப்பேன்னு சொல்ற பெட்டியா இருந்தா? இடதுல ஒவ்வொரு நம்பருக்கும் வலதுல ஆயிரத்தையும் பார்க்கணும், 10 லட்சம், தூங்காம திருப்பினாலும் கிட்டத்தட்ட 35 நாள். ரெண்டுக்கும் ஒரே ஆறு சக்கரம்தான். ஏடிஎம் பின்னையும் இப்படிப் பாருங்க, நாலு இலக்கம், 10,000 வாய்ப்பு, அது பத்திரமா இருக்கிறதுக்கு ஒரு காரணம், மெஷின் நாலையும் மொத்தமா வாங்கிட்டு சரி இல்ல தப்புன்னு ஒரே வார்த்தையில முடிச்சுடுது. 'முதல் இலக்கம் சரி, அடுத்ததைப் போடு'ன்னு வாய்தவறி சொல்ற மெஷினா இருந்தா 10, 10, 10, 10 கூட்டி 40 தடவைக்குள்ள எவனும் காசை எடுத்துட்டுப் போயிடுவான். பாதி வழியில தகவல் கிடைச்சா கூட்டல், கிடைக்காட்டி பெருக்கல், நான் இதைப் பத்து பேர்கிட்டயாவது சொல்லியிருப்பேன், யாரும் கேட்டுக்கிறதில்ல.

வலது பக்கத்துக்கும் 582 போட்டேன், திறக்கல. சரின்னு மறுபடி 000 வச்சேன், திறந்துடுச்சு. கம்பெனி வச்ச நம்பரை மனுஷன் மாத்தவே இல்ல, மூடிட்டுச் சக்கரத்தைக் கலைச்சு மட்டும் விட்டிருக்கார்.

உள்ள பத்திரம் இல்ல. நாப்தலின் உருண்டை, கட்டாத ரெண்டு வேட்டி, ஒரு டைரி. டைரியோட முதல் பக்கத்துல அவரோட குண்டு கையெழுத்துல: 'பெட்டி – இடது 582, வலது 000'. அம்மா சுத்தியலை எடுத்துட்டு உள்ள போயிட்டாங்க.

அந்தப் பெட்டி இன்னும் பரண்ல கெடக்கு. உங்க பையனுக்கு வேணும்னா விலாசம் எழுதுங்க, அனுப்பி வைக்கிறேன். நம்பரை மாத்திட்டுத்தான் அனுப்புவேன்.