நக்கி நக்கி வயிறு மொட்டையான பூனை: கால்நடை மருத்துவர் பதில்கள்

கேள்வி (தாம்பரம்): வீடு மாறி வந்த இரண்டு மாதத்தில் எங்கள் நான்கு வயதுப் பெண் பூனை, வயிற்றையும் தொடைகளின் உட்புறத்தையும் நக்கியே மொட்டையாக்கிவிட்டது. அது பயந்த சுபாவம் கொண்டது. புது வீட்டுக் கவலைதான் காரணம் என்கிறார்கள். எப்படித் தேற்றுவது?

பதில்: அம்மா, தேற்றுவதற்கு முன் அதன் தோலையும் உடலையும் ஒருவர் முழுமையாகப் பார்க்க வேண்டும். பயந்த பூனை என்றதும் மனத்தின் மேல் பழியைப் போட்டுவிடும் வழக்கம் எங்கள் தொழிலிலும் நெடுங்காலம் இருந்தது. 2006இல் வெளியான ஓர் ஆய்வில், மனக்கவலையால் முடி இழந்ததாகக் கருதப்பட்ட 21 பூனைகளை முறையாகச் சோதித்தபோது, 16 பூனைகளுக்கு உடல் நோயே காரணம் என்று தெரிந்தது. மூன்றுக்கு நோயும் மனமும் சேர்ந்திருந்தன. வெறும் மனக்கவலை என்று சொல்ல முடிந்தவை இரண்டுதான். அந்த 16இல் பெரும்பாலானவற்றுக்கு உணவு ஒவ்வாமை இருந்தது. ஆகவே தெள்ளுப்பூச்சி, தோல் பூஞ்சை, உணவு ஒவ்வாமை ஆகிய மூன்றையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அடிவயிற்றை மட்டும் நக்கும் பூனைக்குச் சிறுநீர்ப்பையில் வலி இருக்கலாம் என்பதால் சிறுநீர்ச் சோதனையும் தேவை. இடம் மாறியது உண்மையிலேயே ஒரு காரணமாக இருக்கக்கூடும். ஆனால் அந்த முடிவுக்கு நாம் கடைசியில்தான் வர வேண்டும். சென்னைப் பகுதியில் இருப்பதால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் நீங்கள் கொண்டு செல்லலாம்.

கேள்வி (யாழ்ப்பாணம்): எங்கள் பூனை நக்குவதை நாங்கள் ஒருநாளும் கண்டதில்லை. முடி தானாக உதிர்கிறதா?

பதில்: மொட்டையான இடத்தில் விரல் நுனியை முடி வளரும் திசைக்கு எதிராக மெல்லத் தடவிப் பாருங்கள். மழித்து இரண்டு நாளான தாடையைப் போலச் சொரசொரப்பாக இருந்தால், முடி வேரோடு உதிரவில்லை, நாக்கினால் முறிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். பூனையின் நாக்கு முழுவதும் பின்னோக்கி வளைந்த சிறு முட்கள் உண்டு. ஒரே இடத்தை மணிக்கணக்காக நக்கினால் அவை முடியை அறுத்துவிடும். உறுதி வேண்டுமானால், மருத்துவர் ஓரிரு முடிகளை நுண்ணோக்கியில் பார்ப்பார். தானாக விழுந்த முடியின் நுனி கூராகவும், நக்கி முறிந்த முடியின் நுனி மொட்டையாகவும் தெரியும். பயந்த பூனைகள் பெரும்பாலும் கட்டிலுக்கு அடியிலோ இரவிலோதான் நக்கும் என்பதால், நீங்கள் காணாததில் வியப்பில்லை.

கேள்வி (கோவை): உடம்பில் ஒரு தெள்ளுப்பூச்சிகூடத் தென்படவில்லை. இருந்தாலும், நாய்க்கு வாங்கிய சொட்டு மருந்து வீட்டில் இருக்கிறது, முன்னெச்சரிக்கையாகப் போடலாமா?

பதில்: தயவுசெய்து போடாதீர்கள். நாய்களுக்கான சில சொட்டு மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி, பூனைக்கு வலிப்பு வரவழைத்து உயிரையே எடுத்துவிடும். பூனைக்கென்றே எடை பார்த்துத் தரப்படும் மருந்தை மட்டும் பயன்படுத்துங்கள். பூச்சி தென்படவில்லை என்பதை வைத்து அது இல்லை என்று முடிவு செய்யவும் கூடாது. ஒவ்வாமை உள்ள பூனைக்குச் சில கடிகளே போதும், கடித்த பூச்சியையும் அது நக்கி விழுங்கிவிடும். நெருக்கமான பற்கள் உள்ள சீப்பால் வாலடியில் சீவி, விழும் கரும்பொடியை ஈரப்பஞ்சில் வையுங்கள். பஞ்சில் செம்பழுப்பு நிறம் பரவினால் அது பூச்சியின் கழிவு, அதாவது உங்கள் பூனையின் இரத்தம்.

கேள்வி (மதுரை): எல்லாச் சோதனைகளும் முடிந்தன. உணவு ஒவ்வாமையா என்று அறிய எட்டு வாரம் புதிய உணவு மட்டும் கொடுத்தும் மாற்றமில்லை. மனப்பதற்றம்தான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வீட்டில் என்ன செய்வது?

பதில்: எட்டு வாரம் பொறுமையாக இருந்திருக்கிறீர்கள், இடையில் ஒரு துண்டு மீன் கொடுத்து அந்தச் சோதனையைக் கெடுத்துவிடுபவர்களே அதிகம். இனி, அடுத்து நடக்கப்போவது என்ன என்று பூனைக்கு முன்கூட்டியே தெரியும்படி வீட்டை அமையுங்கள். உணவு நேரமும் விளையாட்டு நேரமும் நாள்தோறும் மாறாமல் இருக்கட்டும். கயிற்றில் கட்டிய இறகை இழுத்துத் துரத்தவிட்டு, முடிவில் அதைப் பிடிக்கவும் விட்டு, உடனே உணவு வையுங்கள். வேட்டை, உணவு, உறக்கம் என்ற வரிசை பூனையின் இயல்பு, அது நிறைவேறினால் நக்குவதற்கு மிஞ்சும் பதற்றம் குறையும். அலமாரியின் மேல் ஒரு துணி விரித்த இடமும், யாரும் கை நீட்டாத ஓர் அட்டைப்பெட்டியும் அதற்கென்று இருக்க வேண்டும். பல பூனைகள் இருந்தால், அவற்றின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக மணல் தட்டுகளை வெவ்வேறு இடங்களில் வையுங்கள். சன்னலுக்கு வெளியே தெருக் கடுவன் பூனை வந்து உட்காருகிறதா என்று இரண்டு மூன்று நாள் கவனியுங்கள். அப்படியானால் சன்னலின் கீழ்ப்பாதியைத் தாள் ஒட்டி மறைப்பது பெரிய உதவி. நக்கும்போது அதட்டாதீர்கள்: அதட்டல் அதற்கு இன்னொரு பயம், அந்தப் பயத்துக்கும் அது நக்கியே ஆறுதல் தேடும்.

கேள்வி (திருச்சி): வாய் உடலை எட்டாதபடி கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு மாட்டினால் நக்குவது நின்றுவிடுமா?

பதில்: மாட்டியிருக்கும் வரை நிற்கும். தோலில் புண் இருந்தால், அது ஆறும் வரை மட்டும் போடுங்கள்.

கேள்வி (சேலம்): மனப்பதற்றத்தைக் குறைக்க ஃப்ளூவாக்ஸெடின் என்ற மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மனிதர்களின் மாத்திரையைப் பூனைக்குக் கொடுப்பதற்குத் தயக்கமாக இருக்கிறது.

பதில்: தயக்கம் இயல்பானதே, ஆனால் இது மருத்துவர்கள் பூனைகளுக்கும் எடைக்கேற்ற சிறு அளவில் எழுதும் மருந்துதான். தொடங்கும் முன் கல்லீரல், சிறுநீரக இரத்தச் சோதனை செய்துகொள்ளுங்கள். பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் வாரங்களில் பசி குறைந்து சோர்ந்திருக்கலாம், ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் மருத்துவரை அழையுங்கள். நன்றாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்த வேண்டாம், அவர் சொல்லும் முறையில் படிப்படியாகவே குறைக்க வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அதே வெளிச்சத்தில் வயிற்றைப் படம் எடுத்து வையுங்கள். முடி திரும்ப மாதங்கள் ஆகும், தினமும் பார்க்கும் கண்ணுக்கு அது வளர்வதே தெரியாது.